பேச்சிப்பாறை அணையில் ஐப்பசிக்கு முன் எத்தனை அடி காலியாக வைக்க வேண்டும்?
(கன்னியாகுமரி மாவட்டத்தில் கோதையாற்றில் உள்ள இந்த அணை பற்றி, ஊர்ப் பெயர்களைப் புனைபெயராக வைத்து மூவர் நடத்தும் விவாதம்.)

மூவாற்றுமுகம்
பேச்சிப்பாறை முழு மட்டம் 48 அடி. வடகிழக்குப் பருவம் தொடங்கும்போது 42 அடிக்கு மேல ஏற விடக்கூடாதுங்கிறது என் கட்சி. நிரம்பின பிறகு மறுகால் மதகை, அதாவது மிகுநீர் போற மதகைத் திறந்தா, அந்தத் தண்ணி திற்பரப்பு வழியா இறங்கி, மூவாற்றுமுகத்துல பறளியாற்று வெள்ளத்தோட சேர்ந்து, குழித்துறை சப்பாத்துப் பாலத்தை முக்கிட்டு வைக்கல்லூர், பருத்திக்கடவு பக்கம் வீட்டுக்குள்ள ஏறுது. 2021 நவம்பர்ல நடந்தது அதுதான். பறளியாற்று அணையான பெருஞ்சாணி தனியா நிரம்பாது. மழை கொட்டுற மலை ஒண்ணுதானே.

கடைவரம்பு
6 அடின்னு சுலபமா சொல்லிட்டீங்க அண்ணாச்சி. அணை அடியில குறுகல், மேல அகலம். கொள்ளளவு மட்டத்தோட வர்க்கத்தை ஒட்டி ஏறுதுன்னு தோராயமா வச்சா, 42 அடியில 77 சதவீதம்தான் நிக்கும். மொத்தம் 4,350 மில்லியன் கன அடி. அப்போ 1,000-க்கு மேல நீங்க கடலுக்கு விடச் சொல்றீங்க. ஒரு மில்லியன் கன அடின்னா 23 ஏக்கரில் ஒரு அடி உயரம் தண்ணி. கும்பப்பூ நெல்லுக்கு, அதாவது ரெண்டாம் போகத்துக்கு, நடவு முதல் அறுப்பு வரை 4 அடி வேணும்னு வைங்க. சானல் கசிவுல பாதி போனாலும் 2,900 ஏக்கர் வருது. தை, மாசியில வானம் கைவிடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்துல தோவாளை சானல் கடைசி மடையில என்ன இருக்கும்?

மூவாற்றுமுகம்
உங்க கணக்கையே எடுத்துக்கிறேன். நீர்ப்பிடிப்பு 200 சதுர கிலோமீட்டர்னு வைப்போம். மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கு, ஒரே நாள்ல 250 மில்லிமீட்டர் மழை, அதுல 80 சதவீதம் ஓடி வருது. 1,400 மில்லியன் கன அடி. சராசரி வரத்து வினாடிக்கு 16,000 கன அடிக்கு மேல. அணை 48-ல நின்னா வர்றதை அப்படியே ஆத்துல விடணும். 42-ல நின்னா 1,000-ஐ அணை வாங்கிக்கும், அந்த நாள்ல ஏறக்குறைய 4,500 கன அடி விட்டாப் போதும். கரையோரத்துக்காரனுக்கு இந்த ரெண்டும் ஒண்ணா?

கடைவரம்பு
அந்த மாதிரி மழைக்கு முன்னறிவிப்பு வரும்தானே? வந்ததும் இறக்கலாம். மூணு மாசம் காலியா வச்சுக் காத்திருக்கணுமா?

மூவாற்றுமுகம்
வினாடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் முழுக்க விட்டா 86.4 மில்லியன் கன அடிதான் குறையும், அதுவும் வரத்தே இல்லாம இருந்தா. 6 அடி இறங்க 12 நாள். 3,000 விட்டாலும் 4 நாள், அந்த 4 நாளும் ஆத்தங்கரை வாழைக்காரன் பயந்துட்டு இருக்கணும். ஒக்கி 2017 நவம்பர் 29-ல தாழ்வு மண்டலம், 30-ல புயல். அறிவிப்பைப் பார்த்து இறக்கலாம்ங்கிறது பெரிய ஷட்டர், சின்ன நீர்த்தேக்கம் உள்ள இடத்துக்குத்தான் பொருந்தும். போதாக்குறைக்குக் கோதையாறு மின் நிலையத்துல ஓடுற தண்ணியும் கீழ வந்து இங்கதான் சேருது. மின்வாரியமும் நீர்வளத் துறையும் மணிக்கு மணி பேசிக்கலைன்னா வரத்துக் கணக்கே தப்பும்.

தேரூர்க்குளம்
இருவரும் கோதையாற்றை மட்டும் பேசுகிறீர்கள். பழையாறு சுருளோட்டில் தொடங்கி மணக்குடியில் கடலில் சேர்கிறது. பேச்சிப்பாறை மறுகால் அதில் விழுவதே இல்லை. அதனால் அணை 42-ல் இருந்தாலும் 48-ல் இருந்தாலும் சுசீந்திரம், தாழக்குடி பக்கத்து வெள்ளத்துக்கு அது மருந்தில்லை. அங்கே செய்ய வேண்டியது வேறு: கனமழைக்கு முன்பே புத்தன் அணையில், பறளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுக்குக் கொண்டுவரும் பாண்டியன் கால் ஷட்டரை அடைக்க வேண்டும், பழையாற்றின் குறுக்கே உள்ள சபரி அணை, குமரி அணைகளின் பலகைகளைத் தூக்கிவிட வேண்டும். சானலை ஓட விட்டபடி மழையை வரவேற்றால் கரை உடையும். உடைப்பு அடைக்கும்வரை பாசனமும் இல்லை.

கடைவரம்பு கேட்ட 1,000 மில்லியன் கன அடியை ஆற்றில் விட வேண்டிய கட்டாயமும் இல்லை. புரட்டாசித் தொடக்கம் முதல் வினாடிக்கு 500 கன அடி கூடுதலாகச் சானலில் அனுப்பினால் 24 நாளில் அது குளங்களில் இருக்கும். அணையில் காலி இடம், ஊரில் சேமிப்பு.

கடைவரம்பு
சானல் அதைத் தாங்கினால்தானே! கடைசி 5 கிலோமீட்டர் ஆகாயத்தாமரையும் ஆக்கிரமிப்பும். குளம் பாதி தூர்ந்து கிடக்கு. அதைவிட அணையைத் தூர்வாருங்கள், 48 அடியிலேயே கொள்ளளவு கூடும்.

தேரூர்க்குளம்
லாரிக் கணக்குப் போடுங்கள். 3 யூனிட் டிப்பரில் 300 கன அடி போகும். ஒரு மில்லியன் கன அடி மண்ணுக்கு 3,333 லோடு. 100 மில்லியன் கன அடிக்கு 3 லட்சத்து 33 ஆயிரம் லோடு, அதுவும் மலைப்பாதையில். அந்த மண்ணைக் கொட்ட இடம் எங்கே? குளத்து வண்டல் என்றால் பக்கத்து வயலுக்கே போகும். ஆனால் மடை மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. கரை அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். களி அடுக்கைத் துளைத்துவிட்டால் குளம் நிற்காது. தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022 முதல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருப்பதால் அங்கே ஜேசிபி இறக்கும் முன் பறவைகளையும் கேட்க வேண்டும்.

கடைவரம்பு
சரி, சானலை ஆவணிக்குள் வெட்டிச் சுத்தம் பண்ணி, குளம் நிரம்பியதைக் கண்ணில் காட்டினால் 44 அடிக்கு ஒத்துக்கிறேன். 42 கிடையாது. கார்த்திகை முடிந்ததும் 48 வரை ஏற விடணும்.

மூவாற்றுமுகம்
44-ல நின்னா அணை வாங்கிக்கிறது 700 மில்லியன் கன அடிதான். நான் சொன்ன அதே மழைக்கு ஆத்துல 8,300 கன அடி விடணும், ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கார்த்திகைக்குப் பிறகு பயமில்லைன்னு யார் சொன்னது? 2023-ல தென் மாவட்டங்களை மூழ்கடிச்ச மழை டிசம்பர் 17, 18-ல. மார்கழி பாதி வரைக்கும் 44, அப்புறம் வாரத்துக்கு ஓரடின்னு ஏத்தினா பேசலாம். அதுக்கு மேல இறங்க மாட்டேன்.

கடைவரம்பு
மார்கழிப் பாதிக்கு மேல் எந்த மழையை வச்சு அந்த 4 அடியை ஏத்துவீங்க?