ஸ்கூட்டியில் பறக்கும் பெண்கள் கார் சாவியைக் கண்டால் ஏன் தயங்குகிறார்கள்?

வைகைக்கரை:
காலேஜ் படிக்கும்போதிருந்து ஸ்கூட்டி ஓட்டுறேன். சிம்மக்கல், கோரிப்பாளையம், சித்திரைத் திருவிழா நேரத்துல தமுக்கம் பக்கம், எங்கன்னாலும் புகுந்து வந்துருவேன். கார் லைசென்ஸும் வச்சிருக்கேன். ஆனா கார் சாவியக் கையில குடுத்தா வயித்தக் கலக்குது. எனக்கு மட்டும்னா என் கோளாறுன்னு விட்டுருவேன். எங்க ஸ்டாஃப் ரூம்ல கேட்டா முக்காவாசி டீச்சர்களும் இதே கதைதான் சொல்றாங்க. லைசென்ஸ் ஹேண்ட்பேக்குல, கார் வாசல்ல, டீச்சர் ஷேர் ஆட்டோவுல.

பைபாஸ்ல ரெண்டு சக்கரத்துல போறதவிட நாலு சக்கரம்தான் பாதுகாப்புன்னு புத்திக்குத் தெரியுது. அப்புறம் எதுக்கு இந்தப் பயம்? "தைரியமா இருங்க மேடம்"னு மட்டும் யாரும் எழுதிராதீங்க, புண்ணியமாப் போகும். காரணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிரேக் ஆயில்:
காரணம் ஒன்றுதான். ஓட்டுவதில்லை. ஆறு மாதம் தொடாமல் விட்டால் ஆணுக்கும்தான் கால் நடுங்கும். வெளியே சொல்ல மாட்டான், அவ்வளவே. இதில் ஆண் பெண் என்று பிரித்துப் பேச என்ன இருக்கிறது? குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். அந்தக் காலத்து பஸ் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்ப தோள்பலம் வேண்டும். இன்றைய காரில் பவர் ஸ்டீயரிங், விரலால் திருப்பலாம். அவரால் முடிந்தது உங்களால் முடியாதா? பயம் என்பது சாக்கு.

அம்பத்தூர் வாசி:
> பயம் என்பது சாக்கு

வந்துட்டாருப்பா! சார், வசந்தகுமாரியம்மா வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கும் உதாரணம்னா அதே பேரைத்தான் எடுக்குறீங்க. அது உங்க கட்சிக்குச் சாட்சியா, எங்க கட்சிக்கா?

"ஓட்டுவதில்லை", சரி. ஏன் ஓட்டுறதில்லன்னு ஒரு படி இறங்கி யோசிங்க. வீட்டுக்கு ஒரு கார். ஆபீஸுக்கு அவர் எடுத்துட்டுப் போவாரு. ஞாயித்துக்கிழமை குடும்பமா வெளிய போனா, ஓட்டுறது யாருன்னு யாருமே கேக்க மாட்டாங்க. அவர் வலது பக்கம் ஏறுவாரு, அவங்க குழந்தைய மடியில வச்சுக்கிட்டு இடது பக்கம். எப்பவாவது "சரி, நீ ஓட்டு"ன்னு சொன்னா, அந்த அரைமணி நேரமும் பக்கத்துல இருக்கறவர் கை ஹேண்ட்பிரேக் மேலயே இருக்கும். "பிரேக்! பிரேக்! லாரி! கியரைக் குறை! யார் உனக்கு லைசென்ஸ் குடுத்தான்?" இப்படி ஒரு ஆள் பக்கத்துல உக்காந்தா கலெக்டருக்கும் கை நடுங்கும்.

ஹாஃப் கிளட்ச்:
வணக்கமுங்க. கோயமுத்தூர்ல டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறேன். ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு இருக்கறீங்க, வண்டிக்குள்ள நடக்கறத நான் சொல்றனுங்க.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல, சொந்த வண்டி ஓட்டக் கத்துக்கறவங்களுக்கு 21 நாளுக்குக் குறையாம கிளாஸ், அதுல கையில வண்டி ஓட்டறது 10 மணி நேரத்துக்குக் குறையாம இருக்கோணும்னு எழுதியிருக்குதுங்க. நடைமுறை என்ன? ஒரு வண்டியில மூணு பேர ஏத்துவாங்க. ஆளுக்குப் பதினஞ்சு இருபது நிமிஷம். மத்த நேரம் பின்சீட்டுல உக்காந்து வேடிக்கை. அந்த இருபது நிமிஷத்துலயும் எங்க கால் எங்க பக்கத்து கிளட்ச், பிரேக் மேலதான் இருக்கும், டூயல் கண்ட்ரோல் வண்டிங்க அது. வண்டி ஆஃப் ஆகாம போகுதுன்னா எங்க கால் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஓட்டறவங்க, நாம நல்லா ஓட்டறோம்னு நெனச்சுக்குவாங்க. வீட்டுக்குப் போய்ச் சொந்தக் கார எடுத்தா, அந்த ரெண்டாவது பெடல் செட்டு இல்லீங்களே! முதல் சிக்னல்லயே வண்டி குலுங்கி நின்னுடும். பின்னாடி ஹாரன். அதுவும் மேம்பாலம் ஏத்தத்துல நின்னா வண்டி பின்னால உருளும். அன்னைக்கு உள்ள போற பயம் லேசுல வெளிய வராதுங்க.

பசங்களுக்கும் இதே கிளாஸ்தான. அப்புறம் ஏன் அவங்க பயப்படறதில்லீன்னு கேப்பீங்க. வர்ற பசங்கள்ல பாதிப் பேரு ஓட்டத் தெரிஞ்சுதான் வர்றாங்க. மாமா வண்டி, பிரண்டு வண்டி, தோட்டத்துல டிராக்டர்னு பதினாறு வயசுலயே தொட்டுப் பாத்திருப்பாங்க. அது சட்டப்படி தப்பு, ஆனா நடக்கறது அதான். எங்ககிட்ட வர்றது லைசென்ஸுக்கு மட்டும். பொண்ணுங்க நிஜமாலுமே முதல் நாளா ஸ்டீயரிங்கத் தொடறாங்க. ரெண்டு பேரையும் ஒரே தட்டுல வச்சு எடை போட்டா எப்பிடிங்க?

இன்னொண்ணு, யாரும் பேசாதது, சீட்டு. நம்மூருப் பொம்பளைங்க பெரும்பாலும் அஞ்சடி, அஞ்சே கால் அடி. சீட்ட உயர்த்தற லீவர் விலை கம்மி மாடல்ல வர்றதில்லீங்க. பானட் எங்க முடியுதுன்னே தெரியாம ஓட்டறாங்க. கிளட்ச் முழுசா மிதிக்க நுனிக்கால்ல எட்டறாங்க. ஒரு குஷன போட்டு, சீட்ட முன்னால இழுத்துக் குடுத்தா பாதிப் பேருக்கு அன்னைக்கே முகம் தெளியும். ஸ்கூட்டியில இந்தத் தொந்தரவே இல்லீங்க. முன்சக்கரம் கண்ணுக்கு முன்னால இருக்கும், கால் தரையில ஊனிக்கலாம், கிளட்ச்சும் கிடையாது.

பிரேக் ஆயில்:
ஆக, கோளாறு பயிற்சிப் பள்ளியில். இதைத்தான் நானும் சொன்னேன், பயிற்சி போதவில்லை. சமூகம், ஆணாதிக்கம் என்று இழுத்ததெல்லாம் அம்பத்தூரார்தான்.

இன்னொன்று. என் மனைவிக்கு நானே கற்றுக்கொடுத்தேன். ஆம், கத்தினேன். கத்தாமல் இருந்திருந்தால் பம்பர் மட்டுமல்ல, எதிரே வந்த சைக்கிள்காரரும் போயிருப்பார். சாலையில் பயம் இருப்பது நல்லது. பயமில்லாமல் ஓட்டும் இளவட்டங்கள்தானே மீடியனில் ஏறுகிறார்கள்?

அம்பத்தூர் வாசி:
உங்க மனைவி இப்ப ஓட்டுறாங்களா சார்?

பிரேக் ஆயில்:
அது இங்கே தேவையில்லாத கேள்வி.

மட்டுறுத்துநர்:
குடும்ப விஷயத்துக்குள் போக வேண்டாம். தலைப்பை ஒட்டிப் பேசுங்கள்.

அம்பத்தூர் வாசி:
சரி, தலைப்புக்கே வர்றேன். 2022ல நாடு முழுக்க சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில முதல் இடம் நம்ம தமிழ்நாடு, 64,105. இதெல்லாம் மத்திய அரசு அறிக்கைக் கணக்கு. செத்தவங்கள்ல நூத்துக்கு எண்பத்தஞ்சுக்கு மேல ஆம்பளைங்க. உடனே "ரோட்டுல அதிகம் போறது ஆம்பளைங்கதானே"ன்னு வருவீங்க. அது நியாயம்தான், இத வச்சு பெண்கள் நல்லா ஓட்டுறாங்கன்னு நான் சொல்லப்போறதில்ல. நான் கேக்குறது வேற. இவ்வளவு பேர் செத்தும் "ஆம்பளைக்கு வண்டி ஓட்டத் தெரியாது"ன்னு ஒரு பேச்சு கிளம்பலியே? ஒரு பொண்ணு ரிவர்ஸ் எடுக்கக் கொஞ்சம் யோசிச்சா தெருவே எட்டிப் பாக்குது. முன்னால ஒரு கார் மெதுவா போனா, ஓவர்டேக் பண்ணும்போது ஜன்னல்ல திரும்பிப் பாத்து "அதான பாத்தேன், லேடீஸ்"னு சொல்றாங்க. ஓட்டுறது ஆம்பளையா இருந்தா "யாரோ கிறுக்கன்", அத்தோட சரி.

இந்தப் பேச்சு சும்மா மனசை மட்டும் புண்படுத்துறதில்ல, ஓட்டுறதையே கெடுக்குது. 2008ல வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு இருக்கு, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல செஞ்சது. பெண்களை நிஜ ரோடு மாதிரி திரையில காட்டுற சிமுலேட்டர்ல உக்கார வச்சாங்க. ஒரு பிரிவுகிட்ட மட்டும், பெண்களைவிட ஆண்கள் ஏன் நல்லா ஓட்டுறாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனைன்னு சொல்லி வச்சாங்க. குறுக்க திடீர்னு ஓடி வர்ற ஆள் மேல மோதினது அந்தப் பிரிவுலதான் ரெண்டு மடங்குக்கும் மேல. பக்கத்துல உக்காந்து கத்துறவங்க இதை ஒருதடவை யோசிச்சுப் பாக்கலாம்.

ஜன்னலோர சீட்:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லிக்கறேன். எனக்கும் பயம்தான். ஆனா அதை ஏதோ வியாதி மாதிரி எல்லாரும் சேர்ந்து குணப்படுத்தப் பாக்குறது எரிச்சலா இருக்கு. கார் ஓட்டினாத்தான் முன்னேறின பெண்ணா? 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஏறி உக்காந்தா பாட்டுக் கேட்டுக்கிட்டே போகலாம். பார்க்கிங் தேட வேண்டாம், பெட்ரோல் போட வேண்டாம். பயப்படுறதுக்கும் எனக்கு உரிமை இருக்குங்க.

ஸ்கார்பரோ அக்கா:
ஜன்னலோர சீட் தங்கச்சி, உங்களுக்கு பஸ் இருக்கு, கதைக்கிறீங்கள். நான் யாழ்ப்பாணத்தில சைக்கிள் மட்டும் ஓடினவள். இஞ்ச கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலம் பஸ் தரிப்பிடத்தில கைப்பிள்ளையோட நிண்டு பார்த்தாப் பிறகு, பயமோ பயமில்லையோ, கார் பழகத்தான் வேணும் எண்டு ஆச்சுது. தேவை வந்தால் பயம் பின்னுக்குப் போயிரும்.

ஆனா ஹாஃப் கிளட்ச் தம்பி சொன்னதில எனக்கு ஒரு கேள்வி. இஞ்ச பெரும்பாலும் ஓட்டோமேட்டிக். கிளட்ச்சே இல்லை. சீட்டையும் உயர்த்தலாம். அப்பிடியிருந்தும் எங்கட பெண்களுக்குப் பயம் போகேல்லையே? ஒன்ராரியோவில முதல் ஜி1 எண்டு ஒரு லைசென்ஸ், அதில நாலு வருச அனுபவம் உள்ள ஆள் பக்கத்தில இருக்கோணும். பிறகு ஜி2, தனிய ஓடலாம். கடைசியா முழு ஜி, அதுக்கு ஹைவேயில ஓடிக் காட்டோணும். ஜி2வோட நிண்டுபோய், 401 ஹைவேயில ஏறாமல் உள்வீதியாலேயே சுத்திச் சுத்தி வேலைக்குப் போற ஆக்கள் எத்தினை பேரை எனக்குத் தெரியும்! ஜி2 அஞ்சு வருசத்தில முடிஞ்சுபோம், அப்ப அழுதழுது டெஸ்டுக்குப் போவினம். அவையின்ர கணவன்மார் அதே காலத்தில வந்து, அதே பனியில பழகினவைதான். அப்ப கிளட்ச்சில பழி போட ஏலாது.

ஹாஃப் கிளட்ச்:
அக்கா சொல்றது நெசந்தானுங்க. இங்கயும் 2014ல மாருதி செலேரியோ கார்ல தானா மாறற ஏஎம்டி கியர் வந்ததுக்கப்புறம், "கிளட்ச் இல்லாத வண்டியில சொல்லிக் குடுப்பீங்களா"ன்னு கேட்டு வர்ற பொம்பளைங்க நெறையா. ஏத்தத்துல வண்டி ஆஃப் ஆகற பயம் அதுல போயிருது. போகாதது பார்க்கிங். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல தூணுக்கு நடுவுல சொருகறப்போ வாட்ச்மேன், எதிர்வீட்டு அங்கிள், இஸ்திரிக்காரர் எல்லாரும் வந்து "லெஃப்ட்ல ஒடிங்க, ரைட்ல ஒடிங்க"ன்னு ஆளுக்கொரு கைய ஆட்டுவாங்க. நாலு பேர் காட்டுனா நானே இடிச்சிருவனுங்க!

வைகைக்கரை:
எல்லாத்தையும் படிச்சேன். சீட்டு, கிளட்ச், கத்துறது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பொருந்துது. ஆனா யாரும் தொடாத ஒண்ணு இருக்கு.

என் ஸ்கூட்டில கோடு விழுந்தா நான் கவலைப்படுறதில்ல. அது என் வண்டி. என் சம்பளத்துல, என் பேர்ல வாங்கினது. கார்ல கோடு விழுந்தா வீட்டுல விசாரணைக் கமிஷன். "எங்க போன? யாரு வந்து இடிச்சா? நீதான் இடிச்சிருப்ப." மாசாமாசம் இஎம்ஐ கட்டுறது ரெண்டு பேர் சம்பளமும்தான், ஆனா கார் மட்டும் "அவரு வண்டி". கைல எடுக்கும்போதே இரவல் நகையப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போற மாதிரிதான் இருக்கு. நெரிசல்ல எனக்குப் பயம் லாரியப் பத்தி இல்ல, பெயின்ட்டப் பத்தி.

ராத்திரி பைபாஸ்ல டயர் போனா என்ன பண்றதுங்கிற பயம் தனி. ஸ்கூட்டி நின்னா தள்ளிக்கிட்டு வெளிச்சம் இருக்குற கடை வரைக்கும் போயிரலாம். கார விட்டுட்டு இறங்கவும் முடியாது, உள்ள உக்காரவும் முடியாது. ஸ்டெப்னி மாத்த ஸ்கூல்லயும் சொல்லித் தரல, வீட்டுலயும் சொல்லித் தரல.

அம்பத்தூர் வாசி:
அந்தப் பெயின்ட் விஷயம்தான்! 2018ல அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்துச்சே, வேலைக்குப் போற பெண்களுக்கு வண்டி விலைல பாதி, அதிகபட்சம் 25,000 ரூபா மானியம்னு. வண்டி அந்தப் பெண் பேர்லதான் இருக்கணும். எங்க தெருவுல சமையல் வேலைக்குப் போற அக்கா ஒருத்தங்க அதுல வண்டி எடுத்தாங்க. முதல் வாரமே கேட்டுல இடிச்சாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல, ஏன்னா கேக்கற உரிமை யாருக்கும் இல்ல. இப்ப பூந்தமல்லி வரைக்கும் ஓட்டுறாங்க.

பிரேக் ஆயில்:
ஆக, ஆர்சி புத்தகத்தில் பெயரை மாற்றினால் பயம் பறந்துவிடும்! ஆர்டிஓ அலுவலகத்தில் இதற்கும் ஒரு கவுண்டர் திறக்கச் சொல்லலாம். இடித்தால் செலவு யார் பெயரில் இருந்தாலும் செலவுதானே? எட்டு லட்ச ரூபாய் வண்டியைப் பற்றிக் கவலைப்படுவது ஆணாதிக்கமா?

ஜன்னலோர சீட்:
கவலைப்படுங்க சார், வேண்டாங்கல. நீங்க இடிச்சப்ப வீட்டுல யாராவது விசாரிச்சாங்களா?

ஸ்கார்பரோ அக்கா:
பிரேக் ஆயில் அண்ணை இதுக்குப் பதில் எழுதமாட்டார் எண்டு நினைக்கிறன் 😄

ஹாஃப் கிளட்ச்:
வைகைக்கரை மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுங்களா. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு ரிங் ரோட்டுப் பக்கம் எடுத்துட்டுப் போங்க. சார வீட்டுலயே விட்டுட்டுப் போங்க. கூட ஆள் வேணும்னா ஓட்டத் தெரிஞ்ச இன்னொரு டீச்சர ஏத்திக்கங்க. கெளம்பறதுக்கு முன்னாடி வாசல்லயே ஒருக்கா ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாத்திப் பாருங்க, நட்ட லூஸ் பண்ணிட்டு அப்புறமா வண்டியத் தூக்கோணும், அதான் முக்கியம். நட்டு இறுக்கமா இருந்தா ஸ்பேனர் மேல கால வச்சு மிதிங்க, கை பலமே வேண்டாம். பின்னாடி கண்ணாடியில எல் போர்டு ஒண்ணு ஒட்டிக்கங்க. லைசென்ஸ் இருக்கறதால கட்டாயமில்லீங்க, ஆனா பின்னால வர்றவன் ஹாரன் அடிக்கறது கொஞ்சம் குறையும்.

வைகைக்கரை:
எல் போர்டு ஒட்டினா "இன்னுமா?"ன்னு ஸ்டாஃப் ரூம்ல சிரிப்பாங்களேண்ணே. சரி, சிரிக்கட்டும். கணக்கு டீச்சரக் கேட்டுப் பாக்குறேன், அவங்க கார்லதான் வர்றாங்க.

பிரேக் ஆயில்:
போகுமுன் இன்சூரன்ஸைப் பாருங்கள். வெறும் மூன்றாம் நபர் பாலிசியாக இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பைசா வராது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது பம்பர் டு பம்பர், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி, எடுக்கச் சொல்லுங்கள். விசாரணைக் கமிஷனின் வேலை பாதி குறையும்.