டெலிவரி வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

பனியன் பையன், திருப்பூர்:
பனியன் கம்பெனி வேலையை விட்டு முழுநேர டெலிவரிக்கு வந்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் திட்டுகிறார்கள். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக்கியதும் எங்கள் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் ஷிப்டும் குறைந்தது, சனிக்கிழமை சம்பளம் வாடகைக்கே பற்றவில்லை. இங்கே மழை பெய்தாலும் ஆர்டர் விழுகிறது.

ஈரோட்டுக்காரி:
என் தம்பியும் இதே வேலைதான். ஆப் காட்டும் தொகை வருமானம் இல்லைங்க. ஊருக்கு வெளியே போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும் தூரத்துக்கு அவனுக்குக் காசு கிடையாது. பெட்ரோல், டயர், செயின் எல்லாம் அவன் செலவு. கம்பெனியில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருந்தால், உடம்புக்கு முடியாதபோது வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலியாவது வரும்.

பனியன் பையன், திருப்பூர்:
பிடித்தால்தானேங்க்கா! கம்பெனிக்குள்ளேயே கான்ட்ராக்டரிடம் பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைத்தவன் நான். ஈஎஸ்ஐயும் இல்லை, பிஎஃபும் இல்லை. பெட்ரோல் கணக்கு நியாயம்தான், அதைக் கழித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தறிக்காரன், சோமனூர்:
தம்பி, நாங்களும் கூலிக்குத்தான் நெய்கிறோம். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் தருவார், ஓட்டிக் கொடுத்தால் கூலி. அந்தக் கூலி கட்டுபடியாகவில்லை என்று 2022 ஜனவரியில் சோமனூர், பல்லடம் பக்கமெல்லாம் தறியை நிறுத்தினோம். அரசாங்கம் நடுவில் வந்து பேச வேண்டியதாயிற்று. எதிரில் உட்கார ஆள் இருந்தது. உங்கள் ஆப்பில் ரேட்டைக் குறைத்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஐடியை பிளாக் செய்தால் எந்த வாசலில் நிற்பீர்கள்? இதை நம்பிக் கல்யாணம், கடன் என்று இறங்குவது எனக்குப் பயமாக இருக்கிறது.

பனியன் பையன், திருப்பூர்:
2023-லேயே தமிழ்நாட்டில் எங்களுக்கு நல வாரியம் வந்துவிட்டதுங்கண்ணா. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பரில் அமலுக்கு வந்திருக்கிறது. ஆப் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் எங்களுக்கான நிதிக்குக் கட்ட வேண்டும்.

ஈரோட்டுக்காரி:
அது விபத்து, மருத்துவம், முதுமைக்கான நிதி. ஒரு ஆர்டருக்கு எவ்வளவு என்பதை இன்னும் ஆப்தானே முடிவு செய்கிறது? அண்ணன் கேட்டதற்கு இது பதில் இல்லை.

பனியன் பையன், திருப்பூர்:
சரிங்க்கா, ரேட்டுக்குப் பேச ஆள் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத் திரும்பக் கான்ட்ராக்டரிடம் போக மாட்டேன். எங்கள் ஏரியா பையன்கள் சேர்ந்து பேச ஆரம்பித்திருக்கிறோம். அண்ணா, நீங்கள் கூலியை எப்படிப் பேசி முடித்தீர்கள் என்று வந்து சொல்வீர்களா?

தறிக்காரன், சோமனூர்:
கட்டாயம் வருகிறேன். ஆனால் ஒன்று தம்பி, 2021 நவம்பரிலேயே எங்களுக்குக் கூலி உயர்வு பேசி அறிவித்தாகிவிட்டது. அதைத் தராததால்தான் ஜனவரியில் தறியை நிறுத்தினோம். பேசியதைக் கொடுக்க வைப்பதுதான் பெரும்பாடு. அதிலிருந்தே ஆரம்பிப்போம்.