தாத்தா 80 – திருக்கடையூர் குழு

கார்த்தி: மலரின் கடைசிப் பக்கம் அனுப்பியிருக்கிறேன். நியூஜெர்சிப் பிள்ளைகளுக்காகத் தீபா அக்கா எழுதிய ஆங்கிலப் பக்கம். அச்சகத்தில் மாலை 6 மணிக்குள் கேட்கிறார்கள். எல்லாரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வள்ளி அத்தை: கண்ணாடி உடைந்து கிடக்கிறது. யாராவது வாசித்துச் சொல்லுங்க

கார்த்தி: முக்கியமான வரி இதுதான் அத்தை. "ஹி கோடட் ஆல் ஹிஸ் சில்ட்ரன் டு ஸ்டடி"

செந்தில் சித்தப்பா: கோட்டா? அப்பா சட்டை போடுவதே கல்யாண வீட்டுக்குத்தான் 😂

சண்முகம் பெரியப்பா: கார்த்தி, அச்சுக்கு அனுப்பாதே. வருகிறேன்.

செந்தில் சித்தப்பா: போச்சு. வாத்தியார் டைப் அடிக்கிறார்

வள்ளி அத்தை: அதற்குள் ஒன்று. வேன் 14 சீட்டா 18 சீட்டா? மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் ஏறுவார்களா, நேரே கோயிலுக்கு வருவார்களா?

அப்பா (கார்த்தியின் அப்பா): 18

சண்முகம் பெரியப்பா: ‘கோட்’ (ஜி-ஓ-ஏ-டி) என்றால் தார்க்குச்சி. பழைய ஆங்கிலத்திலேயே மாடு ஓட்டும் முள்குச்சிக்கு அதுதான் பெயர். யானைப்பாகன் கையில் இருக்கும் அங்குசத்துக்கும் ‘எலிபண்ட் கோட்’ என்றுதான் எழுதுவார்கள். அதுவே வினையாக வந்தால், ஒருவனைக் குத்திக் குத்தி, எரிச்சல் மூட்டிக் காரியம் செய்ய வைப்பது. பெரும்பாலும் பின்னால் ‘இன்டு’ வரும், அதுவும் சண்டைக்கு இழுக்கிற இடத்தில். பந்து வீசுகிறவன் ஏதாவது சொல்லிச் சீண்டி, மட்டையாளனைக் கண்டபடி அடிக்க வைத்து அவுட் ஆக்குகிறானே, அது ‘கோட்’. பெற்ற தகப்பனுக்குப் போடுகிற சொல் இல்லை. ‘அர்ஜ்’ என்று போடலாம். வாயால் வற்புறுத்திச் சொல்வது, மரியாதையும் உண்டு. ‘ஸ்பர்’ இன்னும் நல்லது. குதிரைக்காரன் குதிகாலில் கட்டும் முள்ளிலிருந்து வந்தது என்றாலும் இன்றைக்கு அதில் வலி இல்லை, ஊக்கம்தான் இருக்கிறது. ‘ப்ராட்’ என்றால் விரலால் இடிப்பது. மறந்தவனுக்கு ஞாபகப்படுத்த ஆகும், வாழ்த்து மலருக்கு ஆகாது. இன்னும் ‘இம்பெல்’ இருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

செந்தில் சித்தப்பா: அண்ணே ஒரே ஒரு வரிதானே

வள்ளி அத்தை: அங்குசம் பிள்ளையார் கையிலேயே இருக்கிறதே அண்ணே. அது எப்படிக் கெட்ட சொல்லாகும்?

நிலா: 👏👏 அம்மா

தீபா (நியூஜெர்சி): அப்பா, இங்கே நள்ளிரவு ஆகிறது. ஆனாலும் இதற்குப் பதில் சொல்லாமல் தூங்க மாட்டேன். தெரிந்தேதான் போட்டேன். தார்க்குச்சி இல்லாமல் தாத்தாவை எழுத முடியுமா? பரீட்சைக்குப் போகாமல் பம்புசெட்டில் ஒளிந்திருந்த உங்களைக் குச்சியோடு பள்ளிக்கூட வாசல் வரை ஓட்டிக்கொண்டு போனார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

வள்ளி அத்தை: பம்புசெட் இல்லை, வைக்கோல் போர்

அப்பா: வைக்கோல் போர்தான்

சண்முகம் பெரியப்பா: அது வேறு விஷயம்.

வள்ளி அத்தை: அடித்ததே இல்லை. பாவம். வழியெல்லாம் தரையில்தான் தட்டிக்கொண்டு போனார். அண்ணன் அழுத சத்தம் தெரு முழுக்கக் கேட்டது

நிலா: சட்டக் கல்லூரி சார்பில் ஒரு தகவல். வண்டி மாட்டை முள் வைத்த குச்சியால் ஓட்டக் கூடாது என்று 1965-இலேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. மூலச் சட்டம் 1960.

செந்தில் சித்தப்பா: 80 வயதில் எங்கள் அப்பா மேல் கேஸா

நிலா: மாட்டுக்குத்தான் சின்ன மாமா. பெரிய மாமா அதில் வர மாட்டார்

செந்தில் சித்தப்பா: 😂😂😂 வராமல் என்ன

சண்முகம் பெரியப்பா: ‘இம்பெல்’ லத்தீனில் ‘தள்ளு’ என்ற வினையிலிருந்து வந்தது. கம்பெல், எக்ஸ்பெல், ப்ரொப்பெல் எல்லாம் அதே குடும்பம். வெளியாள் கட்டாயப்படுத்தினால் ‘கம்பெல்’. உள்ளிருந்து ஒன்று உந்தினால் ‘இம்பெல்’. இறந்த காலத்தில் எல் இரண்டு போட வேண்டும், நிறையப் பேர் விடுவார்கள். இன்னொன்றும் கவனி தீபா. ‘அர்ஜ்’ என்றால் சொன்னார் என்று மட்டும்தான் பொருள், கேட்டவன் செய்தானா என்பது அதில் இல்லை. ‘கோட் இன்டு’ என்றால் செய்தே விட்டான்.

செந்தில் சித்தப்பா: அப்படியென்றால் உங்களுக்கு கோட், எனக்கு அர்ஜ். நான்தான் பத்தாவதைத் தாண்டவில்லையே

தீபா (நியூஜெர்சி): சித்தப்பா 😂 இதையே மலரில் போடலாம்

வள்ளி அத்தை: அவன் தாண்டாததற்கு யார் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும்

செந்தில் சித்தப்பா: அக்கா வேண்டாம். அண்ணே, ‘எக் ஆன்’ என்றுகூட ஒன்று உண்டே. நிலா அடிக்கடி சொல்லுவாள். அதைப் போட்டால் என்ன?

சண்முகம் பெரியப்பா: அந்த ‘எக்’குக்கும் முட்டைக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்காண்டிநேவியாப் பக்கத்துப் பழைய சொல். கத்தி விளிம்புக்குச் சொல்கிற ‘எட்ஜ்’ இதற்குச் சொந்தம். கூட நின்று உசுப்பேற்றுவது, அதுவும் உருப்படாத காரியத்துக்கு. "டேய் குதிடா குதிடா" என்று நாலு பேர் கரையில் நின்று கத்துவார்களே, அதுதான்.

வள்ளி அத்தை: அப்போ செந்திலைக் கோழிப்பண்ணை வை வை என்று ஏற்றிவிட்டதற்கு இதுதான் சரியான சொல். முட்டையும் பொருந்துகிறது

வள்ளி அத்தை: கிணற்றடி நிலம் போனதுதான் மிச்சம்

கார்த்தி: அத்தை…

அப்பா: நான் வை என்று சொல்லவில்லை. பேங்கில் விசாரி என்றேன்

செந்தில் சித்தப்பா: விசாரி என்று சொன்ன ஆள்தான் கொட்டகைக்குத் தகரம் வாங்க என்னோடு மதுரைக்கு வந்தது

அப்பா: வண்டி இருந்தது வந்தேன்

சண்முகம் பெரியப்பா: அப்பா விசேஷக் குழுவில் இந்தப் பேச்சு வேண்டாம்.

செந்தில் சித்தப்பா: சரி அண்ணே. முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு எங்கே என்று முடிவாயிற்றா? மண்டபத்தில் மறுநாள் காலை டிபனிலிருந்துதான் கணக்காம்

நிலா: சேமியா கிச்சடி மட்டும் வேண்டாம்

வள்ளி அத்தை: அப்பாவுக்கு முழங்கால் முடியவில்லை. வேனில் அவ்வளவு தூரம் உட்கார மாட்டார். சண்முகம் அண்ணன் காரில் ஏற்றிக்கொள்ளட்டும்

சண்முகம் பெரியப்பா: காரில் சம்பந்தி வருகிறாரே.

வள்ளி அத்தை: பெற்ற அப்பாவுக்கு மேலா சம்பந்தி

கார்த்தி: அச்சகத்தில் இரண்டாவது தடவை கூப்பிட்டுவிட்டார்கள். வரிக்கு என்ன முடிவு? அர்ஜ்டா, ஸ்பர்டா, கோடட் அப்படியே இருக்கட்டுமா?

தீபா (நியூஜெர்சி): ‘ட்ரோவ்’? "ஹி ட்ரோவ் அஸ் ஹார்ட்"

சண்முகம் பெரியப்பா: அதுவும் மாடு ஓட்டுகிற சொல்தான். ஆனால் கண்ணியமாக இருக்கிறது. விடாமல் வேலை வாங்கினார் என்று பொருள் வரும். யோசிக்கலாம்.

வள்ளி அத்தை: அப்பாவிடமே போனில் கேட்டேன். "தார்க்குச்சி பரண் மேல்தான் கிடக்கிறது, சண்முகம் வந்தால் காட்டு" என்கிறார்

நிலா: தாத்தா 🔥🔥

தீபா (நியூஜெர்சி): அவர் ஓட்டுப் போட்டுவிட்டார். கோடட் இருக்கட்டும்

சண்முகம் பெரியப்பா: என் பிணம் மேல்தான்.

வள்ளி அத்தை: நல்ல காரியத்துக்கு நடுவில் என்ன வார்த்தை அண்ணே இது

கார்த்தி: அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்திருக்கிறேன். காலையில் ப்ரூஃப் வரும். அதற்குள் பெரியப்பாவும் தீபா அக்காவும் பேசி முடியுங்கள்.

அப்பா: செந்தில் அட்வான்ஸ் குடுத்தாச்சா

செந்தில் சித்தப்பா: எதற்கு?

அப்பா: வேன்

செந்தில் சித்தப்பா: நீங்கள் கொடுத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்