‘நம்ம வீடு’ குழு: லிண்டலுக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

நான்: சைட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன். சமையலறைப் பக்கம் நேற்று எழுப்பிய சுவரில் பாதியை இன்று இடித்துப் போட்டிருக்கிறார்கள். மேஸ்திரியைக் கேட்டேன். ஜன்னல் கிழக்கே வேண்டும் என்று அம்மா சொன்னார்களாம். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அப்பா போன் செய்தாராம். சாயங்காலம் அக்கா கூப்பிட்டு, அந்தச் சுவரே வேண்டாம், திறந்த சமையலறையாக விடலாமா என்று கேட்டாளாம். யார் சொல்வதைச் செய்வது என்று அவர் என்னைக் கேட்கிறார்.

அக்கா: நான் யோசனையாகத்தான் கேட்டேன். இடிக்கச் சொல்லவே இல்லை.

அப்பா: யோசனை எது, உத்தரவு எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரர்களில் ஒருவர் வாயிலிருந்து வந்தால் அவர் செய்யத்தான் செய்வார். அவர் மேல் குறை சொல்லாதீர்கள்.

தம்பி: எவ்வளவு நஷ்டம்?

நான்: கல்லும் கூலியும் சமாளிக்கலாம். ஆனால் நாளை லிண்டலுக்கு, அதான் கதவு ஜன்னலுக்கு மேலே வரும் காங்கிரீட் பட்டைக்கு, கம்பி கட்ட வர வேண்டியவர்கள், சுவர் மட்டத்துக்கு வரவில்லை என்று வேறு சைட்டுக்குப் போகிறார்கள். மறுபடி அடுத்த வாரம்தானாம்.

மாமா: நானும் சொல்லலாமா? பொதுப்பணித்துறையில் இருந்த காலம் முழுக்க இதைத்தான் பார்த்தேன். மாற்றமே இல்லாமல் எந்தக் கட்டடமும் முடிந்ததில்லை. தாளில் 10-க்கு 10 அறை தாராளமாகத் தெரியும். சுவர் எழும்பிய பிறகு உள்ளே நின்று பார்த்தால்தான் கட்டில் போட்டபின் பீரோ கதவு திறக்காது என்று புரியும். அதனால் ஆசையை அடக்காதீர்கள். எந்த ஆசையை எந்தக் கட்டத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் இன்றே முடிவு செய்துவிடுங்கள்.

அக்கா: எழுதிப் போடுங்கள் மாமா. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குழுவின் மேலே ‘பின்’ செய்து வைக்கிறேன்.

மாமா: இப்போது ஜன்னல் அடிமட்டம் தாண்டிவிட்டோம். அடுத்து தரையிலிருந்து 7 அடியில் லிண்டல். கதவு, ஜன்னல், அலமாரி, ஏசிக்கு விட வேண்டிய ஓட்டை, இவற்றின் இடமும் அகலமும் லிண்டலுக்கு முன் முடிய வேண்டும். அதற்குப் பிறகு ஜன்னலை ஒரு அடி தள்ளினாலும் காங்கிரீட்டை உடைக்க வேண்டும்.

அப்புறம் கூரை காங்கிரீட். எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். மாடி பாத்ரூம் எங்கே என்பது இப்போதே தெரிய வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் தளத்தைத் தாழ்த்திப் போட்டால்தான் கழிவுநீர்க் குழாய் தரைக்குள் மறையும். ஃபேன் கொக்கி, விளக்குப் பெட்டி, வயர் போகும் பைப் எல்லாம் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். காங்கிரீட் கொட்டிய மறுநாள் ‘ஃபேன் நடுவில் இல்லையே’ என்று சொல்லிப் பயனில்லை.

சுவிட்ச், பிளக் பாயின்ட், தண்ணீர்க் குழாய் எல்லாம் பூச்சு வேலைக்கு முன். டைல்ஸ், பெயின்ட், கதவுக் கைப்பிடிக்கு நிறைய நேரம் இருக்கிறது, அதற்கு இப்போது சண்டை வேண்டாம்.

தம்பி: மாமா, ஹால் நடுவில் வரும் பில்லரை எடுக்க முடியுமா? வீடியோவில் பார்த்தேன், இடம் இரண்டாகப் பிரிந்த மாதிரி இருக்கிறது. செலவானாலும் பரவாயில்லை.

மாமா: அதை எடுத்தால் 20 அடிக்கு ஒரே பீம் ஆகிவிடும். பீம் ஆழம் கூடும், கம்பி கூடும். காங்கிரீட் இறுகும் வரை கீழே தாங்கி நிற்கும் முட்டுக்கால் கணக்கும் மாறும். பீமின் நீளம் 6 மீட்டர் வரை என்றால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும், தாண்டினால் 21 நாள் என்று காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்கிறது. 20 அடி 6 மீட்டரைத் தாண்டுகிறது. இதையெல்லாம்கூடச் செய்துவிடலாம். ஆனால் அந்தப் பில்லர் சுமந்த பாரம் பக்கத்துப் பில்லர்களுக்குப் போகுமே, அவற்றின் கடைக்கால் அந்தப் பாரத்துக்குப் போட்டது இல்லை. மண்ணுக்குள் போய்விட்டதை இனி மாற்ற முடியாது. கடைக்காலுக்கு முன் கேட்டிருந்தால் வரைபடத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

தம்பி: சரி மாமா. விட்டுவிடுகிறேன்.

அம்மா: எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டும். கீழ் பாத்ரூம் கதவு இரண்டரை அடி என்கிறார்கள். முழங்கால் வலி எனக்குக் குறையப் போவதில்லை. பின்னால் நடக்க முடியாமல் போனால் சக்கர நாற்காலி உள்ளே போகுமா?

மாமா: நல்ல கேள்வி, தங்கச்சி. மூன்று அடியாக்கிவிடலாம். லிண்டல் இன்னும் போடவில்லை, இன்று சொன்னால் ஏறக்குறையச் செலவே இல்லை. வாசற்படி உயரத்தையும் குறைக்கச் சொல்கிறேன், உள்ளே கைப்பிடி வரும் இடத்தில் சுவர் உறுதியாக இருக்கட்டும்.

அக்கா: அம்மா இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

அம்மா: எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் இதைச் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

நான்: அம்மா, நீங்கள் சொன்னதுதான் இதுவரை வந்ததிலேயே தேவையான மாற்றம். இனி முதலில் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள்.

அத்தான்: ஒரு வழி சொல்கிறேன். நானே ஒரு ஷீட் போட்டு எல்லோருக்கும் லிங்க் தருகிறேன். தேதி, யார் கேட்டது, என்ன மாற்றம், எதற்காக, கூடுதல் ரூபாய், கூடுதல் நாள், முடிவு. இன்ஜினியர் ரூபாயும் நாளும் நிரப்பும் வரை யாரும் ‘சரி’ சொல்லக் கூடாது. வேண்டாம் என்று விட்டதையும் காரணத்தோடு எழுதி வைப்போம். இல்லாவிட்டால் பில்லர் விஷயம் அடுத்த மாதம் மறுபடி வரும்.

அப்பா: நல்லது மாப்பிள்ளை. கூடுவதை மட்டும் எழுதினால் போதாது. சுவர் ஒன்று குறைந்தால் கல்லும் இரண்டு பக்கப் பூச்சும் குறைகிறதே, அதை ஒப்பந்தத் தொகையில் கழிக்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் யாரும் கழிக்க மாட்டார்கள்.

மாமா: இன்னொன்று மாப்பிள்ளை. மாற்றம் முடிவானதும் புது வரைபடம் தேதி போட்டு வர வேண்டும், பழையதைச் சைட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். சிமென்ட் ஷெட்டில் ஒட்டியிருக்கும் பழைய தாளைப் பார்த்து வேலை செய்துவிட்டால் இந்த ஷீட்டெல்லாம் வீண்.

தம்பி: பணம் பற்றிப் பேசிவிடலாம். வங்கி, வேலை நடக்க நடக்கத்தான் கடனைத் தவணையாக விடுகிறது, அதுவும் கொடுத்த மதிப்பீட்டுக்கு. கூடுதல் எல்லாம் கையிலிருந்து. தவணை கட்டுகிறவன் என்பதால் என் பேச்சு மேலே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் பெரிய தொகை கூடிவிட வேண்டாம், அவ்வளவுதான்.

அப்பா: நியாயம். 10,000 ரூபாய்க்குள் என்றால் நானும் சின்னவளும் முடிவு செய்கிறோம். அதற்கு மேல் உன் சம்மதம் ஷீட்டில் இல்லாமல் நடக்காது. மேஸ்திரியிடம் பேசுவது சின்னவள் மட்டும். நான் உட்பட வேறு யாரும் போன் செய்வதில்லை.

அக்கா: மாடி முன்பக்கம் அறையை இரண்டு அடி வெளியே இழுப்பது பற்றி? அதையும் ஷீட்டில் போடலாமா?

மாமா: அதற்கு ரூபாய் கணக்கு போதாது. நாம் சுயசான்று முறையில் அனுமதி வாங்கினோம். 2024 ஜூலையில் வந்த திட்டம் அது, 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், அதிகபட்சம் தரைத்தளமும் ஒரு மாடியும். விதிப்படி கட்டுவோம் என்று நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். உள்ளே சுவரை நகர்த்துவது ஒன்று, வெளியே விட வேண்டிய இடத்துக்குள் நீட்டுவது வேறு. விட்ட இடம் குறைந்தால் பொறுப்பு நம் தலையில். அதை விட்டுவிடலாம்மா.

அக்கா: சரி, புரிந்தது. திறந்த சமையலறைக்கு மட்டும் ஆசைப்படுகிறேன். பில்லர் வீடுதானே, அந்தச் சுவர் பாரம் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

மாமா: தாங்கவில்லை. பாதி இடிந்தும் கிடக்கிறது. ஆனால் அம்மா தாளிக்கும்போது புகை ஹாலுக்கு வருமே.

அம்மா: மீன் வறுக்கும் நாளில் ஹாலில் யார் உட்காருவீர்கள்? மேலே திறப்பு வேண்டுமானால் விடுங்கள், கீழே மேடை உயரத்துக்காவது சுவர் இருக்கட்டும்.

அக்கா: இது எனக்குப் பிடித்திருக்கிறது அம்மா. பாத்திரம் எடுத்துக் கொடுக்கவும் வசதி.

அத்தான்: ஷீட் லிங்க் அனுப்பிவிட்டேன். முதல் வரி பாத்ரூம் கதவு 3 அடி. இரண்டாவது சமையலறை அரைச்சுவர். மூன்றாவது ஹால் பில்லர், ‘வேண்டாம், கடைக்கால் போட்டாயிற்று’.

நான்: இன்ஜினியருக்கு அனுப்பிவிட்டேன். நாளை காலை 8 மணிக்கு சைட்டுக்கு வருகிறார். ரூபாயும் நாளும் நிரப்பியதும் இங்கே போடுகிறேன், அப்பா பார்த்துச் சொன்ன பிறகு மேஸ்திரியிடம் பேசுகிறேன்.

அம்மா: வாஷிங் மெஷின் பிளக் பாயின்ட் எங்கே வருகிறது என்றும் கேட்டுவிடு.

நான்: நான்காவது வரியாகப் போட்டுவிட்டேன் அம்மா. பூச்சுக்கு முன் சொன்னால் போதும், நேரம் இருக்கிறது.