கேழ்வரகு பிஸ்கட்டில் கேழ்வரகு எவ்வளவு?

திருநகர் அம்மா:

மாமனாருக்குச் சர்க்கரை. பையன் இரண்டாம் வகுப்பு; பள்ளி விட்டு வந்ததும் முதலில் தேடுவது பிஸ்கட் டப்பாவைத்தான். இரண்டு பேருக்கும் ஆகும் என்று கேழ்வரகு பிஸ்கட் வாங்க ஆரம்பித்தேன். அட்டையில் கேழ்வரகுக் கதிர் படம், மண் நிறம், சாதா பிஸ்கட்டைப் போல இரண்டு மடங்கு விலை. மூன்று மாதம் பெருமையாக வாங்கினேன்.

ஒருநாள் பில் போடும் இடத்தில் நீள வரிசை. சும்மா நிற்கிறோமே என்று பாக்கெட்டைத் திருப்பினேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. முதலில் ‘ரிஃபைன்டு வீட் ஃப்ளோர்’. வீட் என்றால் கோதுமைதானே என்று இருந்துவிடாதீர்கள், அது மைதா. அடுத்தது சர்க்கரை, அதற்கடுத்தது பாமாயில். கேழ்வரகு நாலாவதாக நிற்கிறது, 7 சதவீதம். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. கீழே கட்டத்தில் 100 கிராமுக்கு 24 கிராம் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்றால் ஆறு ஸ்பூன் ஆகிறது. மாமனாருக்கு டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தட்டில் இதை வைத்திருக்கிறேன்! பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:

எங்கள் வீட்டில் பிரவுன் பிரெட். பழுப்பாக இருக்கிறதே, முழுக் கோதுமை என்று நினைத்தேன். பின்னால் பார்த்தால் மைதாதான் முதலில். நிறத்துக்கு 150 என்று ஒரு எண் போட்டிருந்தது, அது கேரமல் நிறமாம். இப்போது பிரெட்டே வாங்குவதில்லை. காலையில் அவசரத்துக்குத் திட்டு விழுகிறது, அது வேறு கதை.

செக்கடித் தெரு:

அக்கா, பாக்கெட்டிலாவது பின்பக்கம் இருக்கிறது. எண்ணெயில் என்ன செய்வது?

எங்கள் ஏரியாவில் ‘மரச்செக்கு’ போர்டு போட்ட கடை நாலு இருக்கிறது. ஒன்றில் கடலை எண்ணெய் லிட்டர் 190 ரூபாய். சந்தோஷமாக இரண்டு மாதம் வாங்கினேன். ஊருக்குப் போனபோது, சின்ன வயதிலிருந்தே செக்கு ஓட்டுகிற பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். “தம்பி, ஒரு லிட்டர் எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட ரெண்டரை கிலோ பருப்பு போடணும். பருப்பு இன்னிக்கு கிலோ நூத்தி முப்பது. நீயே பெருக்கிப் பாரு” என்றார். முந்நூற்றி இருபத்தைந்து வருகிறது. பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், ஆட்டுகூலி சேர்த்தால் 190க்கு வழியே இல்லை. அப்படியானால் அந்தக் கேனில் என்ன இருந்தது? இன்றுவரை தெரியவில்லை. இப்போது பருப்பை நானே வாங்கிக் கொண்டுபோய், பக்கத்தில் நின்று ஆட்டி வாங்குகிறேன். விலை அதிகம்தான். அதனால் வீட்டில் வடை, பஜ்ஜி தானாகவே குறைந்துவிட்டது.

மாடித்தோட்டம்:

வெல்லத்திலும் இதே கதை. பளபளவென்று மஞ்சளாக இருந்ததைத்தான் ‘முதல் தரம்’ என்று பொறுக்கி எடுப்பேன். மளிகைக்கடை அண்ணன் ஒருநாள், “அது வெளுக்கறதுக்கு ஹைட்ரோஸ்னு ஒரு கெமிக்கல் போட்டது தாயி. கறுப்பா இருக்கே, அத யாரும் தொட மாட்டேங்கறாங்க” என்றார். இத்தனை வருடம் அவரும் மஞ்சளைத்தானே எடுத்துக் கொடுத்தார் என்று கேட்டேன். “நீங்க கேட்டதத்தான குடுக்க முடியும்?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று: கறுப்பு வெல்லமும் சர்க்கரைதான். மாமனாருக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

கீரைக்கட்டு:

நான் பாக்கெட் பக்கமே போவதில்லை. மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு ஆறரைக்குள் போய்விடுவேன். 1999 நவம்பரில் முதன்முதலாகத் தொடங்கிய சந்தை இதுதான். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேசித் தொண்டை வலிக்காது. கீரை விற்கும் அம்மா ஒருவர், இலையில் ஓட்டை இருக்கிற கட்டை எடுத்து நீட்டினார். நான் முகம் சுளித்தேன். “பூச்சி தின்னதத்தான் நீ தின்னலாம்” என்றார். ஓட்டை இருந்தால் மருந்தே அடிக்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, தெரியும். இருந்தாலும் அன்றிலிருந்து அவரிடம்தான் கீரை.

ஒன்பது மணிக்கு மேல் போனால் வாடினதுதான் மிச்சம்.

திருநகர் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. பிஸ்கட்டை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாலு நாள் வீட்டில் அழுகை. இப்போது அவித்த கடலையும் வாழைப்பழமும் போகிறது, கேழ்வரகு அடை வாரம் இரண்டு நாள். மாமனார்தான் இன்னும் டப்பாவைத் திறந்து திறந்து பார்க்கிறார்.

இன்னொரு சந்தேகம். போன மாதம் சாமை வாங்கினேன், வெள்ளைவெளேர் என்று இருந்தது. தவிட்டை முழுக்கத் தீட்டிவிட்டால் அரிசிக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று, இந்த முறை தவிடு நீக்காத பழுப்புச் சாமையாகத் தேடி மூன்று கிலோ வாங்கி வைத்தேன். இருபது நாளில் சிக்கு வாடை அடிக்கிறது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் கெடும் என்று கடைக்காரர் இப்போது சொல்கிறார். ஃபிரிட்ஜில் வைத்தால் தாங்குமா, அல்லது அரைக்கிலோவாக வாங்குவதுதான் வழியா?