உமியிலிருந்து நுண்துளை சிலிக்கான்: அமிலத்தில் கொட்டியதும் பொறி பறக்கிறது, ஏன்?

கேள்வி (எம்.ஃபார்ம் மாணவி):
நீரில் எளிதில் கரையாத மருந்தை ஏற்றுவதற்காக நெல் உமியிலிருந்து நுண்துளை சிலிக்கான் செய்துவருகிறேன். அரிசி ஆலையில் வாங்கிய உமியைத் தண்ணீரில் அலசி, 650 டிகிரியில் எரித்தேன். வெள்ளைச் சாம்பலை எதிர்பார்த்தேன். கரும்புள்ளிகளோடு மங்கலாக வந்தது. அதோடு சம எடை மக்னீசியத் தூள் கலந்து, ஆர்கான் வாயுவில் 700 டிகிரிக்குச் சூடாக்கினேன். நேற்று அந்தத் தூளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொட்டியதும் படபடவென்று வெடித்துப் பொறி பறந்தது. மிஞ்சிய பழுப்புத் தூளில் மருந்து ஏறவே இல்லை. எங்கே தவறினேன்?

பதில் 1:
கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே? அதை முதலில் சொல்லுங்கள்.

பொறிக்குக் காரணம் சிலேன், அதாவது சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. உமிச் சாம்பலில் இருப்பது சிலிக்கா, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்; அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிச் சிலிக்கானை விடுவிப்பது மக்னீசியம். ஒரு கிராம் சிலிக்காவுக்குக் கணக்குப்படி 0.81 கிராம் மக்னீசியம் போதும். மிகுந்தது சிலிக்கானோடு சேர்ந்து மக்னீசியம் சிலிசைடு ஆகிவிடும். அதில் அமிலம் பட்டால் சிலேன் எழும்பி, காற்றில் தானே பற்றிக்கொள்ளும். இனிமேல் புகைபோக்கி அறைக்குள், குளிர்ந்த நீர்த்த அமிலத்தில், சிட்டிகை சிட்டிகையாகத்தான் போட வேண்டும்.

மருந்து ஏறாதது, அது தங்க வேண்டிய துளைகள் போய்விட்டதால். துளைகள் போனதற்குக் காரணம் வெப்பம். மக்னீசியம் சிலிக்காவோடு வினைபுரிவதே பெரும் வெப்பத்தைக் கக்கும். உலையின் திரை 700 காட்டினாலும் தூளுக்குள் அதைவிட எவ்வளவோ ஏறியிருக்கும். நுண்துளைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டு உப்பைப் பல மடங்கு கலந்து சூடாக்குங்கள். அது 801 டிகிரியில் உருகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

பதில் 2:
கரும்புள்ளி உமியில் உள்ள பொட்டாசியத்தின் வேலை. எரிக்கும்போது சிலிக்காவை இளக்கி, கரியை உள்ளே வைத்து மூடிவிடும். தண்ணீரில் அலசினால் போதாது. எரிப்பதற்கு முன்பே நீர்த்த அமிலத்தில் உமியை வேகவைத்து, அமிலம் போகும்வரை கழுவ வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதமும் இரண்டு மூட்டை உமியும் ஆயின. ஒழுங்காகச் செய்த சாம்பல் விரலிடையில் மாவுபோல் நசுங்கும்.

மாணவி:
கண்ணாடி போட்டிருந்தேன், நலமாக இருக்கிறேன். மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: தாவரத்திலிருந்து வந்தது என்பதால் நச்சுச் சோதனை தேவையில்லை என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். சரியா?

பதில் 1:
இல்லவே இல்லை. நுண்துளை சிலிக்கான் உடலில் சிலிசிக் அமிலமாகக் கரைந்து சிறுநீரில் வெளியேறும் என்பது உண்மை. பிரிட்டிஷ் விஞ்ஞானி லீ கேன்ஹாம் 1990-களில் தொடங்கிவைத்த மருத்துவ ஆர்வத்துக்கே அந்தக் கரையும் குணம்தான் அடிப்படை. ஆனால் நெல்லின் வேர் சிலிக்காவை இழுக்கும் அதே வழியில்தான் ஆர்சனிக் என்ற நஞ்சையும் இழுக்கிறது. எந்த வயலின் உமி என்று எழுதிவையுங்கள். உலோக அளவைப் பார்க்காமல் செல்களில் போடாதீர்கள்.

மாணவி:
ஆலைக்காரரிடம் மூட்டை எந்த ஊரிலிருந்து வந்தது என்று இன்றே கேட்கிறேன். நாளை காலை முதல் வேலை, உமியை அமிலத்தில் வேகவைப்பது.