ஆஸ்பத்திரியிலேயே வக்காலத்தில் கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

முத்தூர்க்காரன்:
என் தங்கை வீட்டுக்காரருக்குப் போன வாரம் பல்லடம் – தாராபுரம் சாலையில் விபத்து. ஓரமாகப் பைக்கில் போனவரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். வயது 34. விசைத்தறி ஓட்டுகிறார். மாதம் 20,000 வரும், ஆனால் கூலி கையில்தான், சம்பளச் சீட்டெல்லாம் கிடையாது. இப்போது கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு மாற்றிய மறுநாளே ஒருத்தர் வந்தார். வக்கீல் ஆபீஸ் ஆளாம். கிளைம் கேஸ் அவர்களே போட்டுத் தருவார்களாம், கையிலிருந்து ஒரு பைசா வேண்டாமாம், வருகிற பணத்தில் கால் பங்கு கொடுத்தால் போதுமாம். வக்கீலை நியமிக்கும் வக்காலத்தோடு இரண்டு வெள்ளைத் தாளையும் நீட்டியிருக்கிறார். தங்கை கையெழுத்துப் போடாமல் எனக்குப் போன் செய்தாள். மாப்பிள்ளையின் அண்ணன்கள் உடனே போடச் சொல்கிறார்கள். எங்கள் பெரியப்பாவோ, வக்கீலே வேண்டாம், இன்சூரன்ஸ்காரர்களே கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

நொய்யல்கரை:
தம்பி, வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாமல் விட்டதே பெரிய காரியம். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளைம் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வார்டுக்குத் தேடி வருகிற ஆளை, அவர் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும், திருப்பி அனுப்பிவிடுங்க. வழக்கறிஞர் ஆள் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிக்கக் கூடாது, கேஸில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசவும் கூடாது. இரண்டையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. முதல் சந்திப்பிலேயே இரண்டையும் மீறுகிறவரிடம் காலொடிந்த மனிதரின் பணத்தை எப்படி நம்பி விடுவது?

பெரியப்பா சொல்வதையும் ஒதுக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறை மாறியிருக்கிறது. விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்தில் போலீஸ் முதல் விபத்து அறிக்கையை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை போக வேண்டும். அதையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். அது கைக்கு வந்த 30 நாளில் கம்பெனி தன் தொகையைச் சொல்லியாக வேண்டும். ஒத்து வந்தால் வாங்கிக்கொள்ளலாம், வராவிட்டால் சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. இதில் கால் பங்கு வாங்குகிற அளவுக்கு வக்கீலுக்கு என்ன வேலை?

பவானிக்காரி:
என்ன வேலை என்று நான் சொல்கிறேனுங்க ஐயா. என் வீட்டுக்காரர் பைபாஸில் லாரி மோதி இறந்தார். வயது 41. ஜமக்காளம் வியாபாரம். நான், இரண்டு குழந்தைகள், மாமியார், நாலு பேரும் அவரை நம்பித்தான் இருந்தோம். கம்பெனித் தரப்பில் சமரசம் பேச வந்தவர்கள், வருமானத்துக்கு ஆதாரம் இல்லை, மாதம் 9,000 என்றுதான் எடுக்க முடியும் என்றார்கள். எங்கள் வக்கீல் நூல் கடைக் கணக்கு, பேங்க் வரவு, சரக்கு அனுப்பிய பில் எல்லாவற்றையும் தேடி எடுத்துக் கட்டினார். நூல் கடைக்காரரைக் கூண்டில் ஏற்றினார். தீர்ப்பாயம் மாத வருமானம் 18,000 என்று ஏற்றது.

கணக்கைப் பாருங்க. சொந்தத் தொழில், வயது 40-க்கு மேல் 50-க்குள் என்றால் எதிர்கால உயர்வு என்று 25 சதவீதம் சேர்ப்பார்கள். நாலு பேர் சார்ந்திருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிப்பார்கள். மிஞ்சும் வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 41 வயதுக்கு 14. இதெல்லாம் உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்தது. 9,000 என்றால் 14,17,500 ரூபாய். 18,000 என்றால் 28,35,000. மாத வருமானத்தில் ஆயிரம் ரூபாயைக் கூடுதலாக நிரூபித்தால் 1,57,500 ரூபாய் கூடுகிறது. அந்த ஆயிரத்தை எனக்காக எந்தப் போலீஸ் அறிக்கை தேடியிருக்கும்?

சங்ககிரி_பட்டறை:
நான் எதிர்த்தரப்பில் நிற்கிறவன், இரண்டு லாரி வைத்திருக்கிறேன். தானாக வழுக்கி விழுந்தவரையும் வண்டி மோதியதாக எழுத வைத்து, இன்சூரன்ஸ் உள்ள வண்டி நம்பரைச் சேர்க்கிற வேலை சில இடங்களில் நடக்கிறது. அதன் ஆரம்பம் ஆஸ்பத்திரி வாசல் புரோக்கர்தான். அவர்களால் உண்மையாக அடிபட்டவரையும் கோர்ட்டில் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். முத்தூர்த் தம்பி, உங்கள் கேஸ் நிஜமான கேஸ். அதை அந்தக் கையில் கொடுத்துக் கெடுத்துவிடாதீங்க. அந்தக் கார் இன்சூரன்ஸ் விபத்து அன்றைக்கு உயிரோடு இருந்ததா என்றும் பாருங்க. இல்லையென்றால் ஓனர் கையிலிருந்துதான் வர வேண்டும், அது வேறு பாடு.

கோர்ட்வீதி:
திருப்பூரில் எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டுக் கேஸ்கள் பார்க்கிற ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். நொய்யல்கரை அண்ணன் சொன்ன நடைமுறை சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் 90 நாள் அறிக்கை தானாக வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் பல கேஸில் ஏமாற்றம்தான். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவும் அதே 2022 ஏப்ரலில் வந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று பெரியவர்கள் சொல்வது 1994 முதல் அதுவரை சரியாக இருந்தது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. கெடு தாண்டியதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் போட்டிருக்கிறார்கள். அது இடைக்கால உத்தரவு மட்டுமே, அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு எழுதியிருப்பார்கள், ஏ.ஆர். காப்பி என்போம். எப்படி அடிபட்டது என்ற இடத்தில் கார் மோதியது என்று இருக்கிறதா, பைக் வழுக்கி விழுந்தார் என்று இருக்கிறதா பாருங்க. கூட வந்தவர் பதற்றத்தில் சொன்ன ஒரு வரி, பிறகு கேஸையே சாய்த்துவிடும். எஃப்.ஐ.ஆரில் உள்ள நேரமும் வண்டி நம்பரும் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது ஊனக் கணக்கு. மருத்துவ வாரியம் 30 சதவீதம் என்று சான்று கொடுத்தால், ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்கி முடிப்பது ஒரு வழி. சதவீதத்துக்கு 5,000 என்றால் 1,50,000 ரூபாய். நாள் முழுக்க நின்று தறி ஓட்டுகிறவருக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று காட்டுவது இன்னொரு வழி. 2010-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பார்க்கச் சொன்னது. திறன் இழப்பையும் 30 என்றே எடுத்தால்: 20,000 வருமானம், 40 வயதுக்குள் என்பதால் 40 சதவீத உயர்வு, 34 வயதுக்குப் பெருக்கும் எண் 16. மொத்தம் 16,12,800 ரூபாய். இரண்டாவது வழிக்குக் கொண்டுபோக ஆதாரம் வேண்டும், டாக்டரை விசாரிக்க வேண்டும். வக்கீலுக்கு வேலை அங்கேதான்.

நொய்யல்கரை:
குமாஸ்தா தம்பி சொன்ன 1,50,000-க்கும் 16,12,800-க்கும் நடுவில் எத்தனை வருஷம் இருக்கிறது என்று சொல்லவில்லையே. தீர்ப்பு வந்த பிறகு கம்பெனி அப்பீல் போகலாம். அதுவரை அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிட வேண்டும். என் மேஜைக்கு வந்த எத்தனையோ பேர், வக்கீல் பேச்சைக் கேட்டு நல்ல சமரசத்தை விட்டுவிட்டு, பிறகு அதற்குக் குறைவாக வாங்கியிருக்கிறார்கள். வக்கீலே கூடாது என்று நான் சொல்லவில்லை. எலும்பு கூடட்டும், கம்பெனி என்ன சொல்கிறது என்று கேட்கட்டும், பிடிக்காவிட்டால் அப்புறம் வக்கீல்.

பவானிக்காரி:
அப்புறம் என்பதற்குள் ஏ.ஆர். காப்பியில் உள்ள தப்பை யார் திருத்துவது? காமிரா பதிவு எத்தனை நாள் இருக்கும்? சார்ஜ் ஷீட்டில் இருவர் மீதும் தவறு என்று போட்டுவிட்டால் பாதித் தொகைகூடப் போய்விடலாம். முதல் மாதத்தில்தான் வக்கீல் வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பதையும் நீங்கள் சொல்லவில்லை, ஐயா. கால் ஆறாமல், ஊனம் எவ்வளவு என்று தெரியாமல் அங்கே ஒத்துக்கொள்வது ஆபத்து.

கொடுமணல்:
பங்கு பேசுவது அவ்வளவு பாவமா? என் சித்தி மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு, தோற்றால் ஃபீஸ் இல்லை. அதனால்தான் ஏழையும் நல்ல வக்கீலை வைக்க முடிகிறது. தறிக்காரர் முன்பணத்துக்கு எங்கே போவார்?

கோர்ட்வீதி:
அங்கே சட்டம் அனுமதிக்கிறது. இங்கே வழக்கறிஞர் தொகையில் பங்கு கேட்பது தொழில்முறை ஒழுக்கக்கேடு, அப்படி எழுதி வாங்கினாலும் செல்லாது. பணமில்லாதவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். தனி வக்கீல் வைத்தால் மனுத் தாக்கல், சாட்சி விசாரணை, தீர்ப்பு என்று கட்டம் கட்டமாக ஃபீஸை எழுத்தில் பேசிக்கொள்ளலாம். பாஸ்புக்கையும் கையெழுத்துப் போட்ட செக்கையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். இழப்பீட்டை நேராக அடிபட்டவர் கணக்குக்கே அனுப்பச் சொல்லி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவும் போட்டிருக்கிறது.

கொடுமணல்:
இலவச வக்கீல் அக்கறையாக நடத்துவார் என்று எதை வைத்து நம்புவது? எங்கள் ஊரில் கால் பங்கு கொடுத்தவர்களும் மீதி முக்கால் பங்கு வந்ததே என்று நன்றியாகத்தான் இருக்கிறார்கள்.

பவானிக்காரி:
நான் பங்கு கொடுக்கவில்லைங்க. கட்டம் கட்டமாகத்தான் கொடுத்தேன். மீதியெல்லாம் குழந்தைகள் பேரில் டெபாசிட்டில் இருக்கிறது. கால் பங்கு என்றால் எங்கள் கணக்கில் ஏழு லட்சம். அது பெரியவளின் காலேஜ் படிப்புப் பணம்.

முத்தூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. ஏ.ஆர். காப்பியில் கார் மோதியது என்றுதான் இருக்கிறது. காருக்கு இன்சூரன்ஸும் இருக்கிறது. அந்த ஆளை வேண்டாமென்று சொல்லிவிட்டோம். வசிக்கிற ஊரிலேயே மனுப் போடலாம் என்பதால் திங்கட்கிழமை தாராபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கிறோம். அவர் ஃபீஸ் சரிப்படாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு. தறி ஓனர் கூலிக் கணக்கு நோட்டைத் தர ஒத்துக்கொண்டார், ஆனால் கோர்ட்டுக்கு வரத் தயங்குகிறார்.

நொய்யல்கரை:
நோட்டு மட்டும் வந்தால் கம்பெனி வக்கீல் அதை ஏற்க மாட்டார், தம்பி. நானே அப்படி ஆட்சேபம் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஓனர் வந்து சொல்லத்தான் வேண்டும்.

கோர்ட்வீதி:
ஓனருக்கு சம்மன் அனுப்பலாம், வக்கீலிடம் சொல்லுங்க. கூலி ஜிபேயில் வந்த மாதங்கள் இருந்தால் பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்து வைங்க. டிஸ்சார்ஜ் அன்றைக்கு எக்ஸ்ரே படங்கள், அசல் பில்கள் எல்லாம் வாங்கிவிடுங்க. கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா, எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்க. அந்தச் செலவையும் மனுவில் கேட்க வேண்டும்.